விளக்கே, எரி!

"விளக்கே, எரி!" என்கிறார் அப்பா. விளக்கு எரிகிறது.

குழந்தைகள் கை தட்டுகிறார்கள். பாட்டி மூக்கின் மேல் விரல் வைக்கிறார்.

இது மாய மந்திரம் அல்ல. "ஸ்மார்ட் வீடு" என்று இதற்குப் பெயர். விளக்கு, மின்விசிறி, கதவுப் பூட்டு, காமிரா எல்லாம் வீட்டு இன்டர்நெட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். கைப்பேசியில் தொட்டாலும் வேலை செய்யும். வாயால் சொன்னாலும் வேலை செய்யும்.

சென்னையில் புதிதாக எழும்பும் அடுக்கு மாடி வீடுகளின் விளம்பரங்களில் இந்தப் பெயர் அடிபடுகிறது. பழைய வீடுகளில் குடியிருப்பவர்களும், "நாமும் வாங்கினால் என்ன?" என்று யோசிக்கிறார்கள்.

இரண்டு படுக்கை அறை. மாதச் சம்பளம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். வயதான தாய். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு இது தேவையா?

கணக்கு என்ன சொல்கிறது?

"கரண்ட் செலவு குறையும்" என்பதுதான் கடைக்காரர் முதலில் சொல்லும் காரணம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 9 வாட் எல்.இ.டி. விளக்கு தினமும் 5 மணி நேரம் எரிகிறது. இரண்டு மாதத்தில் எவ்வளவு ஆகும்? மூன்று யூனிட் கூட ஆகாது! சொன்னபடி கேட்கும் விளக்கும் எரியும்போது ஏறக்குறைய அதே மின்சாரத்தைத்தான் இழுக்கும். அதோடு, அணைத்த பிறகும் அது தூங்குவதில்லை. எஜமானர் எப்போது கூப்பிடுவாரோ என்று காது கொடுத்துக்கொண்டே இருக்கும். அதற்கும் கொஞ்சம் மின்சாரம் செலவாகும். விளக்கை அணைக்க மறந்துவிடும் வீட்டில்தான் அது மிச்சம் பிடிக்கும். அதுவும் சில்லறை மிச்சம்.

மின்விசிறியின் கதை வேறு. பழைய ரக விசிறி 75 வாட் இழுக்கும். முழு வேகத்தில் நாளுக்கு 12 மணி நேரம் சுற்றினால், இரண்டு மாதத்தில் 54 யூனிட். "பி.எல்.டி.சி." என்ற புதிய ரக விசிறிக்கு 30 வாட் போதும். அதே 12 மணி நேரத்துக்கு, இரண்டு மாதத்தில் 22 யூனிட்தான். ஒரு விசிறியிலேயே 32 யூனிட் மிச்சம். வீட்டில் மூன்று விசிறி இருந்தால்?

யூனிட் ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறுகிற தமிழ்நாட்டில் இது சிறு தொகை அல்ல. இந்த மிச்சத்தைத் தருவது விசிறிக்குள் இருக்கும் மோட்டார், கைப்பேசி அல்ல. இன்டர்நெட் இல்லாத பி.எல்.டி.சி. விசிறியும் இதே மிச்சத்தைத் தரும்.

பகலில் வீட்டில் இருப்பது யார்?

புது விளக்கில் ஒரு சங்கடம் உண்டு. சுவரில் இருக்கும் சுவிட்சை யாராவது அணைத்துவிட்டால், அப்புறம் கைப்பேசியில் எத்தனை முறை தொட்டாலும் விளக்கு எரியாது. ஆகவே சுவிட்சின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி, "தொடாதே" என்று எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

கைப்பேசியோடு அப்பா அலுவலகம் போய்விடுகிறார். அம்மாவும் வேலைக்குப் போகிறார். பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் பாட்டிதான். அவர் பேசும் பேச்சு அந்தக் கருவிக்குப் புரியவில்லை என்றால்? தன் வீட்டில், தன் அறையில், ஒரு விளக்கைப் போட அவர் மகனுக்குப் போன் செய்ய வேண்டுமா? இத்தனை நாள் ஒரு விரலால் செய்த வேலை அது!

மின்சாரம் நின்றால் இன்டர்நெட் பெட்டியும் நிற்கும். 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கைப்பேசியும் பல இடங்களில் பேசவில்லை. மின்பூட்டு வாங்குகிறவர்கள், சாதாரணச் சாவியாலும் திறக்கும் பூட்டாகப் பார்த்து வாங்குவது நல்லது. அந்தச் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வெளியே போகக் கூடாது!

விற்ற கம்பெனி கைவிடுவதும் உண்டு. அமெரிக்காவில் 'ரிவால்வ்' என்று ஒரு கருவி சுமார் 300 டாலருக்கு விற்றது. அந்தக் கம்பெனியை 2014-ல் இன்னொரு கம்பெனி வாங்கியது. 2016 மே மாதம் அதன் சேவை நிறுத்தப்பட்டது. கருவி பழுதாகவில்லை. ஆனாலும் வேலை செய்யவில்லை!

காமிரா வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெட்டியோடு வரும் கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் விட்ட ஏராளமான காமிராக்களுக்குள் 2016-ல் 'மிராய்' என்ற திருட்டு நிரல் புகுந்துகொண்டது. வாசலைப் பார்த்துக் காமிரா வைக்கலாம். படுக்கை அறையில் எதற்கு?

பணம் கொடுத்து வாங்கலாம்

இன்டர்நெட் இல்லாமலே புத்தியோடு வேலை செய்யும் கருவிகள் உண்டு. மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி அவற்றில் ஒன்று. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த சென்னைவாசிகளுக்கு, வழிந்தோடும் தண்ணீரின் விலை தெரியும். கட்டிடத்துக்கு ஒன்று போதும். எல்லா வீட்டாரும் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

மற்றொன்று, சிலிண்டர் சமையல் வாயு கசிந்தால் அலறும் மணி. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். ஆகவே மணியைத் தரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். உயரத்தில் மாட்டினால் அது அலறுவதற்குள் காலம் கடந்துவிடும். மணி அலறினால் எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது; தீப்பொறி பறக்கும். "விளக்கே, எரி!" என்று வாயாலும் சொல்லக் கூடாது.

அப்படியானால் சொன்னபடி கேட்கும் விளக்கு யாருக்குமே வேண்டாமா? வேண்டும். பக்கவாதம் வந்து படுத்திருப்பவர், கை கால் வராதவர் இருக்கும் வீட்டில் அது வேண்டும். இரவு இரண்டு மணிக்கு, மருமகளை எழுப்பாமல், தானே விளக்கைப் போட்டுக்கொள்ள முடிந்தால் அந்த மனிதருக்கு எவ்வளவு ஆறுதல்! அங்கே யூனிட் கணக்குப் பார்க்கக் கூடாது.

அதற்கும் விளக்கை மாற்ற வேண்டியதில்லை. சுவிட்சுப் பெட்டிக்குள் வைக்கும் சிறு கருவி கிடைக்கிறது. அதை வைத்தால் வாயாலும் சொல்லலாம்; பாட்டி சுவரில் உள்ள சுவிட்சையும் தட்டலாம். மெயினை அணைத்துவிட்டு, விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கொண்டுதான் அதைப் பொருத்த வேண்டும்.