தேக்குக்கு வெள்ளை முகமூடி

கொஞ்ச நாளாக நம் பக்கத்தில் ஒரு வியாதி பரவியிருக்கிறது. பாத்ரூமுக்குப் புது டைல்ஸ் போடுகிறார்கள். போட்டு முடித்ததும், அங்கே ஐம்பது வருஷமாக நிற்கும் தேக்கு அலமாரி "மேட்ச் ஆகவில்லை" என்று கண்ணை உறுத்துகிறதாம். உடனே அதன்மேல் வெள்ளை சன்மைக்கா ஒட்டு. இல்லாவிட்டால் வெள்ளை எனாமல் அடி. கும்பகோணம், மன்னார்குடி, காரைக்கால் என்று உறவினர் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் இதைப் பார்க்கிறேன். இதற்கு அலமாரியை விற்றுவிட்டாலே தேவலை. வாங்குகிறவனுக்காவது மரத்தின் அருமை தெரிந்திருக்கும்.

மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை என்றால் எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. தண்ணீர் பட்டு உப்பும் வரைதான் அதன் ஆயுள். தேக்கு அப்படியா? அதற்குள் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஈரத்தில் இத்தனை காலம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். அதே எண்ணெய்தான் ஒட்டும் பசையைப் பிடிக்கவிடாமலும் செய்கிறது. தின்னர் போட்டுத் துடைக்காமல் அவசரத்தில் சன்மைக்கா ஒட்டினால், நாளடைவில் ஓரம் தூக்கும். இடுக்கில் ஈரம் தங்கும். அப்புறம் "பழைய மரம், அதான்" என்று பழி மரத்தின்மேல்!

"கறுத்துப் போச்சே, மாமா" என்கிறார்கள். கறுத்தது பெரும்பாலும் மரமல்ல, மேலே இருக்கிற பாலிஷும் அழுக்கும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒரு மூலையில் தேயுங்கள். பிசுபிசுவென்று கரைந்து வந்தால் அது அரக்குப் பாலிஷ். இதற்குப் பெயர் ஃப்ரெஞ்சு பாலிஷ். பிரெஞ்சில் படித்த எனக்கு இந்தப் பெயர் எப்போதும் வேடிக்கைதான். பிரெஞ்சுக்காரர் இதை 'வெர்னி ஓ தம்போன்' என்பார்கள், பஞ்சுப் பொதியால் தேய்க்கும் வார்னிஷ் என்று பொருள். அரக்கோ நம் நாட்டுப் பூச்சி தருவது, ஜார்க்கண்டில் ஏராளம். ஆனால் ஒன்று: அரக்கு தண்ணீருக்கு வெளுத்துவிடும். பாத்ரூமில் மறுபடி அதையே பூசச் சொல்லும் பிடிவாதக்காரன் அல்ல நான்.

எனாமல் அடித்த பழைய சாமான் என்றால் இன்னொரு சங்கதி. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு விதி போட்டதே 2016-இல்தான். அதற்கு முந்தைய பெயிண்டில் எவ்வளவு இருக்கும் என்று யார் கண்டது? அதை வீட்டுக்குள்ளேயே மெஷின் வைத்து உலர் தூளாகத் தேய்க்கிறார்கள். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கின்றன. புதுப்பிக்கிறோம் என்ற உற்சாகத்தில் இதை யாரும் நினைப்பதில்லை. நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், வெளியில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள், பிள்ளைகளை விரட்டுங்கள்.

மேலே பூசி மறைப்பது நமக்குப் புதிதல்ல என்பதும் உண்மைதான். தஞ்சைப் பெரிய கோயிலிலேயே சோழர் ஓவியத்தின்மேல் நாயக்கர் காலத்தில் ஓவியம் தீட்டிவிட்டார்கள். அடியில் இருந்ததை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொல்லும்வரை உலகுக்குத் தெரியாது. நாயக்கர்களாவது ஓவியத்தின்மேல் ஓவியம் போட்டார்கள். நாம் போடுவது வெள்ளைத் தகடு.

சரி, மேட்ச் ஆகத்தான் வேண்டுமா? அலமாரியை மாற்றாமல் அதன் சாமான்களை மாற்றுங்கள். குழாய் பளபளா நிறமென்றால் கைப்பிடியும் கீலும் அதே நிறத்தில் போடுங்கள். காஸ்டிக் சோடா மட்டும் வேண்டாம், தேக்கு கறுத்துவிடும். பழைய பாலிஷை எடுத்து, உப்புத்தாளை மரத்தின் ரேகை போகும் வாக்கிலேயே தேய்த்து, நிறமில்லாத பாலியூரித்தேன் மெல்லிசாக இரண்டு மூன்று கை பூசச் சொல்லுங்கள். முதுகுப்புறத்தையும் கால்களின் அடியையும் ஆசாரி விட்டுவிடப் பார்ப்பார், பக்கத்திலேயே நில்லுங்கள்.