விற்பனைக்கு ஒரு பண்ணை! வாங்குவது யார், உழுவது யார்?

மத்தியதரைக் கடலுக்கு அருகே பழைய கல் வீடு, ஒலிவத் தோப்பு, திராட்சைத் தோட்டம், கொஞ்சம் கோதுமை நிலம், எல்லாம் சேர்த்து விற்பனைக்கு! இத்தாலியில் டஸ்கனிக் கடலோரப் பண்ணைகளுக்கு இப்படித்தான் தரகர்கள் விளம்பரம் செய்கிறார்கள். தேசம் தேசமாகப் பணமூட்டைகள் வந்து விலை பேசுகின்றன.

அந்தக் கல் வீட்டில் முன்பு யார் வாழ்ந்தார்கள்? தரகர் சொல்லமாட்டார். நாம் சொல்கிறோம்.

அது வாரத்துக்கு உழுத குடியானவன் வீடு. கீழே மாடு, மேலே குடும்பம். விளைச்சலில் பாதி நிலப்பிரபுவுக்கு. வீடும் அவனுடையது, கணக்குப் புத்தகமும் அவனுடையது! புதிதாக வார ஒப்பந்தம் எழுதக் கூடாது என்று 1964-ல்தான் சட்டம் வந்தது. அதற்குள் குடும்பம் குடும்பமாக ஆலை வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்டார்கள். ஊரைவிட்டு ஆலை வாசலுக்கு வந்த கதை நம் ஆலைத் தோழர்களுக்குப் புதிதல்ல. அவர்கள் விட்டுச் சென்ற வீடுதான் இன்று மாளிகை. மாட்டுக் கொட்டில்தான் இன்று விருந்து மண்டபம்!

நிலம் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? தெற்கே கலாப்ரியாவில் மெலிஸ்ஸா என்ற ஊர். பெர்லிங்கேரி பிரபு தரிசாகப் போட்டிருந்த பிரகாலா நிலத்தில் விவசாயிகள் இறங்கி உழுதார்கள். 1949 அக்டோபர் 29-ந் தேதி போலீஸ் வந்து சுட்டது. பிரான்செஸ்கோ நீக்ரோ, ஜியோவானி ஸீட்டோ, ஆஞ்செலினா மௌரோ என்ற மூன்று உயிர்கள் பலியாயின. மறு ஆண்டு, 1950-ல், நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்தன. டஸ்கனியின் மரேம்மா கடலோரமும் அதில் அடங்கியது. பிரபுக்களுக்கு நஷ்டஈடு, நிலம் பெற்ற ஏழைக்கோ 30 வருஷத் தவணை! அதுவும் சும்மா வரவில்லை, தோழர்களே. ரத்தம் சிந்திய பிறகே வந்தது.

1965-ல் இன்னொரு சட்டம் வந்தது. பண்ணை விற்பனைக்கு வந்தால், அதில் குத்தகைக்கு உழுகிறவனுக்கே வாங்குவதில் முதல் உரிமை. 1971-ல் பக்கத்து நிலத்தைத் தானே உழும் சொந்தக்காரனுக்கும் அந்த உரிமை கிடைத்தது. நோட்டீஸ் வந்த 30 நாளில் அவன் பதில் சொல்ல வேண்டும். அவனை மறைத்து விற்றால், கிரயம் பதிவான ஒரு வருஷத்துக்குள் அதே விலையைக் கொடுத்து நிலத்தை மீட்கலாம்.

நல்ல சட்டம்தான். ஆனால் “அதே விலை” என்ற இரண்டு சொல்லில்தான் சூழ்ச்சி இருக்கிறது! கோடீஸ்வரன் கோதுமைக்கா விலை கொடுக்கிறான்? கடல் காட்சிக்கும் மாலைக் காற்றுக்கும் கொடுக்கிறான். ஒலிவ எண்ணெய் விற்று வயிறு வளர்ப்பவன் அந்த விலையை எந்த ஜன்மத்தில் கொடுப்பான்? உரிமை ஏட்டில்; நிலம் பணக்காரன் கையில்!

“வெளிப்பணம் வந்தால் இடிந்த வீடு எழும்பும், ஊருக்கு வேலை கிடைக்கும்” என்கிறார்கள். வீடு எழும்பும்; மறுக்கவில்லை. கொத்தனாருக்குச் சில மாதம் கூலியும் கிடைக்கும். அப்புறம்? சுற்றியுள்ள நிலமெல்லாம் மாளிகை விலைக்கு ஏறும். ஊர் வாலிபன் ஊரிலேயே அந்நியனாவான்.

இந்தச் சீமான்களுக்கு இத்தாலிய சர்க்கார் கம்பளமும் விரித்தது. வெளிநாட்டு வருமானம் எத்தனை கோடியானாலும் வருஷத்துக்கு 1,00,000 யூரோ கட்டினால் போதும் என்று 2017-ல் வரிச் சலுகை கொடுத்தது. 2024-ல் புதிதாக வருவோருக்கு அதை 2,00,000 ஆக்கியது. ஏழைக்கு இப்படிச் சலுகை உண்டா?

நிலத்தில் இன்று உழைப்பவன் யார்? ரோமுக்குத் தெற்கே, கடலோர லத்தீனா மாகாணத்தில் நம் பஞ்சாபிகள் ஏராளமாக வயல் வேலை செய்கிறார்கள். 2024 ஜூனில் அவர்களில் ஒருவரின் கை இயந்திரத்தில் அறுபட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் அவர் குடியிருந்த வீட்டருகே போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டே நாளில் இறந்தார். தொழிலாளர்கள் வீதிக்கு வந்து நியாயம் கேட்டார்கள். குத்தகைக்காரனுக்குள்ள முதல் உரிமைகூட இந்த நாட்கூலிக்கு இல்லை.

கடல் காட்சி யாருக்கும் சோறு போடாது. விளைச்சலை வைத்து நிலத்துக்கு விலை போடு! உழுகிறவன் வாங்க நீண்ட காலக் கடன் கொடு! நாட்கூலிக்கும் அந்த முதல் உரிமையைக் கொடு! மெலிஸ்ஸாவில் மூன்று பேர் உயிர் கொடுத்தது, கலப்பை பிடித்த கைக்கு நிலம் வேண்டும் என்பதற்காக. தரகனின் விளம்பரத்துக்காக அல்ல!