ஆண்ட்ராய்டா ஐபோனா சண்டையை நிறுத்திட்டு, அந்த அம்மா போனுக்குப் பதில் சொல்லுங்க

பதிவு கொஞ்சம் நீளம். பசியாறிட்டு உட்கார்ந்து படிங்க. பாதியில் விட்டுட்டு கீழே வந்து கருத்து எழுதாதீங்க. அது நம்ம புலனக் குழுவில் ஏற்கெனவே நடந்து முடிஞ்சாச்சு.

போன வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆடிக் கூழுக்கு ஐம்பது வெள்ளி உபயம் கொடுக்க ஓர் அம்மா வந்தாங்க. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல பால் மரம் வெட்டினவங்க. தோட்டம் செம்பனையாகி, லயம் இடிஞ்சு, இப்போ ஈப்போவில் மகன் வீட்டில் இருக்காங்க. கையில் காசு எடுத்து வரலை. "இதுல அனுப்பிடறேன் தம்பி"ன்னு போனை நீட்டினாங்க. உண்டியல் பக்கத்தில் கியூஆர் அட்டையை ஒட்டி வைத்தது நாமதானே. வங்கிச் செயலியைத் திறந்தா, இந்தக் கைப்பேசியின் மென்பொருள் பழையது, இனி இதில் இயங்காதுன்னு ஓர் அறிவிப்பு. சரி, அப்டேட் பண்ணிக் கொடுக்கலாம்னு செட்டிங்ஸ் உள்ளே போய்ப் பார்த்தோம். "உங்கள் கைப்பேசி புதுப்பிக்கப்பட்ட நிலையில் உள்ளது" என்று அது சொல்லுது! கீழே பார்த்தா, கடைசியா வந்த பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி 2021.

நம்ம தொண்டர் பையன் ஒருத்தன், "இதுக்குத்தான் ஐபோன் வாங்கணும்ங்கிறது ஆண்ட்டி" என்று சிரிச்சான். இன்னொருத்தன் ஆண்ட்ராய்டுக்காரன், அவனுக்குச் சுருக்குன்னு வந்துடுச்சு. அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் குழுவில் சண்டை. கூழ் ஊத்துற வேலைப் பட்டியல் அதுக்கு நடுவுல காணாமப் போச்சு. அந்த அம்மா மறுநாள் பேரப்பிள்ளைகிட்ட ஐம்பது வெள்ளியை உறையில் போட்டு அனுப்பிட்டாங்க. உறை மேல் பெயர் எழுதலை. உபயக்காரர் பெயர் வாசிக்கிறபோது அவங்க பெயர் வரக்கூடாதுன்னு நினைச்சாங்களோ என்னவோ. நமக்குத்தான் வெட்கமா இருந்துச்சு.

கோயில் பக்கத்தில் எதுக்குப் போன் பேச்சுன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு பதில். திருவிழா அறிவிப்பைப் புலனத்தில் போட்டது நாம. அர்ச்சனைச் சீட்டுக்குக் கியூஆர் வைத்தது நாம. உபயப் பட்டியலைக் கூகள் படிவமாக மாற்றி, "பேப்பர் மிச்சம்"னு பெருமைப்பட்டதும் நாமதான். வாசலையே போனுக்குள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, அந்த வாசல் யாருக்குத் திறக்குது யாருக்குத் திறக்கலைன்னு பார்க்காம இருக்க முடியுமா?

அந்த அம்மா போனில் என்ன குறைச்சல்? ஒண்ணுமில்லை. கண்ணாடி கீறல் இல்லை, பேட்டரி சாயங்காலம் வரைக்கும் தாங்குது. பேசலாம், பாட்டுக் கேட்கலாம், பேரன் படம் பார்க்கலாம். கம்பெனி மட்டும் அதைக் கைகழுவிடுச்சு.

இது எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சாத்தான் யார்மேல் கோபப்படணும்னு தெரியும். கூகள் வருஷா வருஷம் புது ஆண்ட்ராய்டை வெளியிடும். அது நேரா நம்ம போனுக்கு வராது. குவால்காம், மீடியாடெக் மாதிரி சிப் செய்கிறவர்கள் அதைத் தங்கள் சிப்புக்குப் பொருத்தணும். பிறகு போன் கம்பெனி தன் முகப்பையும் தன் செயலிகளையும் அதன்மேல் பூசி, ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாச் சோதிக்கணும். சில நாடுகளில் தொலைத்தொடர்பு நிறுவனமும் பார்த்துத் தலையாட்டணும். விலை உயர்ந்த மாடல் வரிசையில் முன்னாடி நிற்கும். அறுநூறு வெள்ளிப் போன் கடைசியில் நிற்கும். பல சமயம் அதன் முறை வர்றதுக்கு முன்னாடியே கடையை மூடிடுவாங்க.

தோட்டத்தில் பிறந்தவங்களுக்கு இது புதுசா? லயத்துக் கூரை ஒழுகுதுன்னு கங்காணிகிட்டச் சொன்னா, கிராணியைக் கேளுன்னுவார். கிராணி துரையைக் கைகாட்டுவார். துரை மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்னுவார். மழைக்காலம் முடிஞ்சு போயிடும். அப்புறம் தோட்டமே கைமாறி, புது முதலாளி எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னுடுவார். கூகளைக் கேட்டா போன் கம்பெனி, போன் கம்பெனியைக் கேட்டா சிப் கம்பெனி. அதே பெரட்டு, அதே பதில்.

வாக்குக் கொடுக்காமலும் இல்லை. 2011 மே மாதம் கூகள் தன் மாநாட்டில், பெரிய போன் கம்பெனிகளையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களையும் சேர்த்து ஒரு கூட்டணியை அறிவித்தது. புது போனுக்குப் பதினெட்டு மாதம் அப்டேட் கிடைக்கும் என்றது. பதினெட்டே மாதம்! அதுவும் சத்தமில்லாமல் மறைஞ்சு போச்சு. 2015இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியே தெரிஞ்சு, ஒரு குறுஞ்செய்திப் படத்தாலேயே போனுக்குள்ளே நுழையலாம்னு உலகமே பயந்த பிறகுதான் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தம் வெளியிட ஆரம்பித்தார்கள். 2017இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது, சிப் வேலையையும் ஆண்ட்ராய்டு வேலையையும் பிரித்து வைக்கும் டிரெபிள் ஏற்பாடு வந்தது. அதனால் வேகம் கூடியது, மறுக்கலை. ஆனா சுலபமாக்கிக் கொடுத்த வேலையைக்கூட எத்தனை வருஷம் செய்யணும்னு கம்பெனிதான் முடிவு பண்ணும். அதில் கஞ்சத்தனம்.

இந்தத் தாமதம் நம்ம மொழியையும் விடலை. பழைய தொண்டர்களுக்கு ஞாபகம் இருக்கும். பத்துப் பதினாலு வருஷத்துக்கு முன்னாடி தமிழில் அறிவிப்பு அனுப்பினா, பல ஆண்ட்ராய்டு போன்களில் கட்டம் கட்டமாத்தான் தெரியும். அடுத்த வெளியீட்டில் தமிழ் வந்துடுச்சுன்னு செய்தி வரும், ஆனா கையில் இருக்கிற போனுக்கு அந்த வெளியீடு வராது. அதனால் "தேர்த்திருவிழா"வை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பினோம், பெரியவங்க அதைப் படிக்கத் தெரியாம பேரப்பிள்ளையைக் கூப்பிட்டாங்க. நம்ம நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் 2005லேயே செல்லினத்தை வெளியிட்டு, சாதாரணப் போனிலும் தமிழ் அனுப்பலாம்னு காட்டிட்டார். 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது தமிழ் விசைப்பலகை ஐபோனுக்குள்ளேயே வந்துடுச்சு, அதுவும் ஒரே நாளில், தகுதியுள்ள எல்லா ஐபோனுக்கும். ஐபோன் தம்பிமார்கள் இதைச் சொல்லி மார்தட்டினா அதில் நியாயம் இருக்கு.

இன்னொண்ணும் அவங்க பக்கம் நியாயம். 2013இல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு மேல. போனையும் மென்பொருளையும் ஒரே வீட்டில் சமைக்கிறதால் அவர்களால் முடியுது.

ஆனா தம்பிகளா, அதுக்காகக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். பேட்டரி பழசான ஐபோன்களைச் சொல்லாமல் கொள்ளாமல் அப்டேட் மூலமா மெதுவாக்கினதை 2017 டிசம்பரில் ஒத்துக்கிட்டது அதே ஆப்பிள்தான். 2018இல் இத்தாலிய அரசு அமைப்பு, அப்டேட்டால் பழைய போன்களை முடக்கினதுக்காக ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் சேர்த்தே அபராதம் போட்டது. நீங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு அடிச்சுக்கிறீங்க, அங்கே ரெண்டு பேரும் ஒரே கூண்டில் நின்னாங்க. 2022இல் ஒருவர், என் அம்மா ஆண்ட்ராய்டு வைத்திருக்கிறார், நான் அனுப்பும் வீடியோ அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை என்று ஆப்பிள் தலைவர் டிம் குக்கிடம் ஒரு மாநாட்டில் சொன்னார். அம்மாவுக்கு ஓர் ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்பதுதான் அவர் கொடுத்த பதில். அரங்கத்தில் அது நகைச்சுவை. நம்ம பையன் வெள்ளிக்கிழமை சொன்னதும் அதே பதில். கோடீஸ்வரர் வியாபாரத்துக்காகச் சொன்னதை, சம்பளம் எதுவும் வாங்காம நம்ம பிள்ளை கோயில் வாசலில் சொல்றான். அந்த அம்மா ஒரு மாசம் முழுக்க நெத்தி விளக்கோட இருட்டில் மரம் வெட்டினாலும் ஓர் ஐபோனின் கால் பாகம்கூட வந்திருக்காது.

இது வெறும் உபயத்தோடு நிற்கிற விஷயமா இருந்தா நாங்க இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். திருமணப் பத்திரிகைன்னு புலனத்தில் ஒரு ஏபிகே கோப்பு வரும். தெரிஞ்ச பெயரில் இருந்தே வரும். தட்டினா ஒரு செயலி உள்ளே ஏறும். திரையைப் படிக்க, தானே தட்ட அனுமதி கேட்கும். "சரி"ன்னு கொடுத்தா கதை முடிஞ்சது. சேமிப்பு மொத்தமும் போயிடும். 2022 ஆகஸ்டில் வந்த ஆண்ட்ராய்டு 13இல், இப்படி வெளியிலிருந்து ஏறின செயலிக்கு அந்த அனுமதி லேசில் கிடைக்காதபடி ஒரு பூட்டுப் போட்டார்கள். முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனா ஒரு பூட்டு. அது 2021இல் நின்றுபோன போனுக்கு வரவே வராது. ஏமாறுகிற வாய்ப்பு அதிகமுள்ளவங்க கையில்தான் பூட்டில்லாத போன் இருக்கு. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி ஓடிபியை விட்டுவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறுங்கன்னு வங்கிகளுக்குச் சொன்னது. நல்ல முடிவு. அதன்படி வங்கி அனுமதியும் கைப்பேசிச் செயலிக்குள்ளே போயிடுச்சு. வங்கி பழைய போனைத் தடுக்கிறதுல காரணம் இருக்குன்னு நாங்களும் ஒத்துக்கறோம். அப்போ பழைய போன் எப்படிப் பழசாச்சுன்னு கேட்கிறதுதானே முறை? பால் மரம் நட்டா இருபத்தஞ்சு வருஷம் பால் கொடுக்கும்னு கணக்குப் போட்ட ஊர் இது. போன் மட்டும் மூணு வருஷத்தில் கட்டையா?

முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. 2023இல் கூகள் பிக்சல் 8க்கு ஏழு வருஷம் அப்டேட்ன்னு அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் எஸ்24க்கும் ஏழு. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பொறாமைப்பட்டதால் வந்த நன்மை, போட்டிக்கு அந்த மட்டும் கும்பிடு. ஆனா அதெல்லாம் நாலாயிரம் வெள்ளிக்காரங்களுக்கு. அதே 2024 கடைசியில் விலை குறைந்த கேலக்சி ஏ16க்கு ஆறு வருஷம்னு சாம்சங் சொன்னதுதான் எங்களுக்கு முக்கியம். மலிவுப் போனுக்கும் கொடுக்க முடியும்னு அவங்களே நிரூபிச்சுட்டாங்க. அப்போ இத்தனை நாள் கொடுக்காதது மனசில்லாததால்தான்.

கேட்டாத்தான் கிடைக்கும். நெதர்லாந்தில் ஒரு பயனீட்டாளர் சங்கம் 2016இல் அப்டேட் சரியாக வரலைன்னு சாம்சங் மேல் வழக்குப் போட்டது. 2018இல் தோற்றும் போச்சு. ஆனா பேச்சு நிற்கலை. பிரிட்டனில் 2024 ஏப்ரலில் இருந்து, குறைந்தது எந்தத் தேதி வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும்னு கம்பெனி சொல்லியே ஆகணும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற நாளில் இருந்து ஐந்து வருஷம் அப்டேட் கிடைக்கணும்னு விதி. "விற்பனை நின்ற நாளில் இருந்து" என்கிறதைக் கவனிங்க. நம்ம ஊரில் கம்பெனிகள் மாடல் வெளிவந்த நாளில் இருந்து எண்ணுறாங்க. நீங்க "ஆஃபர்"ல வாங்குற போன் ரெண்டு வருஷம் முன்னாடி வந்ததுன்னா, அதன் ஆயுசில் பாதி கடைக் கண்ணாடிக்குள்ளேயே கழிஞ்சாச்சு. பிள்ளைகள் புதுசு வாங்கிட்டுப் பழசைத் தாத்தா பாட்டிக்குக் கொடுக்கிறோம், அன்போடதான் கொடுக்கிறோம், ஆனா மிச்சம் இருக்கிற சக்கையைத்தான் கொடுக்கிறோம். அந்த அம்மா போனும் மகன் வைத்திருந்ததுதான்.

ஈப்போவில் மூணு கடையில் நாங்க பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கேமரா எத்தனை மெகாபிக்சல்னு கை அகலத்துக்கு எழுதியிருக்கு. அப்டேட் எந்த வருஷம் வரைக்கும்னு நாங்க பார்த்த ஒரு பெட்டியிலும் இல்லை. மீன் டப்பாவுக்கே காலாவதித் தேதி போடுற நாட்டில், ஆயிரம் வெள்ளிப் பொருளுக்குப் போட என்ன கஷ்டம்? உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சுக்கு இதைக் கேட்டு ஒரு கடிதம் தயார் பண்ணியிருக்கோம். ஆலய அலுவலகத்தில் மேசை மேல் இருக்கும். ஐபோன்காரரும் ஆண்ட்ராய்டுக்காரரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடலாம், பேனா ஒண்ணுதான் இருக்கு.

கடையில் போன் வாங்கப் போனா, கேமராவுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: இந்த மாடல் எப்போ வெளிவந்தது, பாதுகாப்பு அப்டேட் எந்த வருஷம் வரைக்கும். பதில் தெரியலைன்னா அடுத்த கடைக்கு நடங்க. ஏபிகே எது வந்தாலும், சொந்த மாமா பெயரில் வந்தாலும், தட்டாதீங்க. தட்டிட்டா உடனே வங்கிக்கும் 997க்கும் கூப்பிடுங்க, வெட்கப்பட்டுக்கிட்டு வீட்டில் மறைக்காதீங்க.

நிர்வாகத்துக்கிட்டயும் பேசிட்டோம். கியூஆர் அட்டை இருக்கட்டும். அதுக்குப் பக்கத்தில் பழைய ரசீதுப் புத்தகமும் காசுப் பெட்டியும் இந்த வாரத்தில் இருந்து திரும்ப வருது. அறிவிப்புப் பலகையில் சாக்கட்டியால் எழுதுறதும் தொடரும். நம்ம பையன் அந்த அம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டான், கூழுக்கு அழைச்சுட்டும் வந்திருக்கான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிஞ்சதும் அன்னதானக் கூடத்தில் நாங்க நாலு பேர் உட்கார்ந்திருப்போம். வீட்டுப் பெரியவங்க போனை எடுத்துட்டு வாங்க, எந்த பிராண்டா இருந்தாலும் சரி. கடைசி அப்டேட் எப்போ வந்தது, வங்கிச் செயலியை அதில் வைக்கலாமா, கூடாதான்னு பார்த்துச் சொல்றோம். ரகசிய எண்ணை எங்ககிட்டச் சொல்லாதீங்க, நாங்க கேட்கவும் மாட்டோம். சார்ஜரைக் கொண்டு வாங்க, கூடத்தில் ரெண்டு பிளக்தான் வேலை செய்யுது.