கேக் போதும், ஓட்டையைப் பாருங்க!

போன டிசம்பரில் ஜவளகிரிப் பக்கம் ஒரு காலனிக்குப் போயிருந்தேன். ஓசூரிலிருந்து தளி தாண்டிப் போனால், காடு ஆரம்பிக்கிற இடம். ராகி முற்றுகிற மாதங்களில் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்குகிற வழி. ஒரே டீக்கடையில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கேட்கும்.

நான் போன நேரம், டவுனிலிருந்து ஒரு சர்ச் இளைஞர் குழு வேனில் வந்து இறங்கியது. எந்த சர்ச் என்பது முக்கியமில்லை. எல்லா சபையும் இதைத்தான் செய்கிறது. கிதார், சான்டா முகமூடி, அஞ்சு கிலோ அரிசி, கம்பளி, ஆளுக்கு ஒரு துண்டு கேக். இரண்டு பாட்டு. ஒரு ஜெபம். அப்புறம் போட்டோ, போட்டோ, போட்டோ. முக்கால் மணி நேரத்தில் வேன் கிளம்பிவிட்டது.

வேன் போன பிறகு ஒரு அஜ்ஜி அந்தக் கம்பளியை என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்குள் எடுத்துப்போய் ராகி மூட்டை மேல் போர்த்தினார்.

“எனக்குக் குளிரு பழக்கம்ப்பா. ராகி நனைஞ்சா பூசணம் புடிச்சிரும்.”

அண்ணாந்து பார்த்தேன். தொகுப்பு வீடு. காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்பு மாதிரி வரிசையாகத் தெரிகிறது. அதற்குக் கீழேதான் நம் பிள்ளைகள் அஜ்ஜியைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்திருக்கிறார்கள். ஒருத்தன்கூட மேலே பார்க்கவில்லை!

தொகுப்பு வீட்டின் வியாதி ரொம்பச் சாதாரணமானது. மொட்டை மாடியில் தண்ணீர் போகிற குழாயை இலை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கும். கான்கிரீட்டுக்குள் இறங்கும். கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி ஊதும். ஊதினால் சுற்றியிருக்கிற கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் ஒரு குச்சியும் பத்து நிமிஷமும் போதும், அடைப்பை எடுக்க. விட்டுவிட்டால், தூங்குகிற குழந்தை மேல் கூரை விழும்.

இந்திரா ஆவாஸ் யோஜனா 1985-ல் வந்தது. கட்டினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பெயர்களில் கட்டினார்கள். கட்டிக்கொடுத்த சர்க்கார், பழுது பார்க்கிற செலவை யார் தலையில் கட்டியது? கூலி வேலைக்குப் போகிற அந்தக் குடும்பத்தின் தலையில்தான். ‘கலைஞரின் கனவு இல்லம்’ என்று 2024-ல் அறிவித்தார்கள். வீட்டுக்கு மூன்றரை லட்சம், 2030-க்குள் குடிசையில்லாத் தமிழகம். நல்லது. பழைய தொகுப்பு வீடுகளின் நிலைமை உறைத்து, 2025-26 பட்ஜெட்டில் 25,000 வீடுகளை மறுபடி கட்ட 600 கோடி ஒதுக்கினார்கள். அதுவும் நல்லது. ஆனால் லிஸ்ட்டில் பெயர் வருகிறவரைக்கும் மழை காத்திருக்குமா?

“அது அரசாங்கத்தின் வேலை, சர்ச்சின் வேலை இல்லை” என்று சிலர் சொல்வார்கள். சரி சார், அரிசி கொடுப்பதும்தான் அரசாங்கத்தின் வேலை. ரேஷன் கடையே இருக்கிறதே! அதை மட்டும் ஏன் கொடுக்கிறீர்கள்? அரிசி கொடுப்பது சுலபம், அதனால் கொடுக்கிறீர்கள். ஏணியில் ஏறுவது கஷ்டம்.

ஓசூர் இளைஞனுக்கு ஏணி புதுசா என்ன? திங்கள் முதல் சனி வரை அவன் என்ன செய்கிறான்? லாரி அசெம்பிள் செய்கிறான். பைக்குக்கு இன்ஜின் பூட்டுகிறான். வெல்டர், ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் எல்லாம் ஐ.டி.ஐ. படித்துவிட்டுத் தெற்கே இருந்து சிப்காட்டுக்கு வந்த பையன்கள். தமிழ்நாட்டில் வேறு எந்த ஊர் இளைஞர் சங்கத்தில் இவ்வளவு கைத்தொழில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது? அந்தக் கையில் போய் கலர் பேப்பரையும் கத்தரிக்கோலையும் கொடுத்து ஸ்டார் ஒட்டச் சொல்கிறோம்.

அமெரிக்காவில் அப்பலாச்சியா என்று மலைப் பகுதி. நிலக்கரி எடுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போக, ஜனங்கள் ஏழைகளாகவே இருந்த இடம். 1969-ல் டெக்ஸ் எவன்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர் ஐம்பது பேரைச் சேர்த்துக்கொண்டு கென்டக்கியில் பார்பர்வில் என்ற ஊரில் நாலே நாலு வீட்டைப் பழுது பார்த்தார். வீடு குளிராமல், ஆபத்தில்லாமல், ஒழுகாமல் இருக்க வேண்டும். லட்சியம் அவ்வளவுதான். இன்றைக்கும் சர்ச் பிள்ளைகள் கோடை லீவில் அங்கே போய் ஆணி அடிக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1969-ல்தான் நம் ஊரில் என்.எஸ்.எஸ். ஆரம்பித்தார்கள், காந்தி நூற்றாண்டையொட்டி. ஏழு நாள் முகாம். நாம் என்ன செய்தோம்? பெரும்பாலும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஈரம் ஊறின சுவர்மேல் சுண்ணாம்பு அடிப்பது, காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசுகிற மாதிரி.

ஜிம்மி கார்ட்டர் 2006-ல் லோனாவாலா பக்கம் ஒரு கிராமத்தில் வீடு கட்ட வந்தார், ஹேபிடாட் அமைப்புக்காக. அப்போது வயது 82. ஊரில் ஞாயிறு பள்ளி வாத்தியார் அவர். இருபத்தி நாலு வயதுப் பையனுக்கு நம் சபை கொடுக்கிற வேலை, காணிக்கைப் பை பிடிப்பது!

இன்னொரு பயம் இருக்கிறது. “ஓடு மாற்றப் போனால் மதம் மாற்றப் போனதாகச் சொல்வார்கள்.” இதை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். தமிழ்நாட்டிலேயே 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004-ல் வாபஸ் ஆனது. எல்லை தாண்டினால் கர்நாடகா. 2022-ல் அங்கே வந்த சட்டம், பரிசு கொடுப்பதைக்கூட ஆசை காட்டும் கணக்கில் சேர்த்தது. ஜவளகிரிக்காரருக்கு அந்த எல்லை ரொம்பத் தூரமில்லை.

ஆனால் இந்தப் பயத்துக்குப் பாதி தீனி போட்டது நாம்தான். அரிசிப் பைக்குள் துண்டுப் பிரசுரம் வைத்தது யார்? கொடுத்த ஃபேனில் பெயர் எழுதினது யார்? பஞ்சாயத்தில் கேட்டு, மாரியம்மன் கும்பிடுகிற வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். வாசலில் கல்வெட்டு வேண்டாம். சிலுவை ஸ்டிக்கர் வேண்டாம். ஜெபம்கூட வேனிலேயே பண்ணிவிட்டு இறங்குங்கள். காலனி வீட்டில் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். அதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வருத்தம்தான். கல்லறையில் ஜாதிக்கொரு மூலை வைத்திருக்கிற சபைகள் நமக்கு உண்டே.

ஒரு எச்சரிக்கை. உற்சாகத்தில் நீங்களே கொத்தனார் ஆகிவிடாதீர்கள். உள்ளூர் மேஸ்திரியைக் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள், நீங்கள் சித்தாள். பெயர்ந்த காரையை முழுசாகத் தட்டி எடுக்க வேண்டும், கம்பியை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும், சிமென்ட் பால் அடித்துவிட்டுத்தான் பூச வேண்டும். கம்பி இற்றுப்போயிருந்தால் பூசவே கூடாது, பி.டி.ஓ. ஆபீசுக்கு மனு எழுதி, கூடவே போய் நிற்க வேண்டும். ஓட்டு வீடு என்றால் கை மரத்தையும் ரீப்பரையும் பார்த்த பிறகே ஓட்டில் கால் வைக்கலாம். சிமென்ட் ஷீட்டை மட்டும் உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

டிசம்பர் இதற்குத் தோதான மாசமும் இல்லை. ஈஸ்டர் முடிந்த கையோடு, மழைக்கு முன்னால் போகணும். ஏணி கொண்டுபோக வேண்டாம். அஜ்ஜிக்கு அடுத்த வீட்டு வேலியில் மூங்கில் ஏணி ஒன்று சாத்தியிருந்தது. நானே பார்த்தேன்.