இதயக் குழாய்ச் சிகிச்சை: மணிக்கட்டு வழியா, தொடை வழியா?

"ஆஞ்சியோ கையில் செய்வார்களா, காலில் செய்வார்களா?" ஸ்ரீபெரும்புதூர், தண்டலம், ஒரகடம் சுற்று வட்டாரத்திலிருந்து இதயப் பரிசோதனைக்குப் பரிந்துரைக்கப்படும் நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தினரும் பெரும்பாலும் முதலில் கேட்பது இதையே. கையில் செய்தால் அடைப்பு சிறியது, காலில் செய்தால் பெரியது என்ற எண்ணம் மக்களிடையே பரவலாக உள்ளது. இது சரியன்று. அடைப்பு இருப்பது இதயத்தின் இரத்தக்குழாயில். கை, கால் என்பவை அங்கு சென்றடையும் வழிகள் மட்டுமே. எனினும் எந்த வழி என்பது அற்பமான செய்தியும் அன்று. இரத்தக்கசிவு எவ்வளவு ஏற்படும், எப்போது எழுந்து நடக்கலாம், எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பவை அதைப் பொறுத்தே அமைகின்றன. சிலருக்கு உயிர் பிழைப்பதும் அதனோடு தொடர்புடையது.

வழி மாறிய வரலாறு

இதயத்தை நோக்கிக் குழாய் செலுத்தும் முயற்சி கையிலிருந்தே தொடங்கியது. 1929ஆம் ஆண்டு வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் இளம் ஜெர்மானிய மருத்துவர் தம் கையின் சிரை வழியாகத் தம் இதயத்திற்கே ஒரு குழாயைச் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டார். 1960களின் பிற்பகுதியில் தொடை வழிக்கென வடிவமைக்கப்பட்ட குழாய்கள் வந்தபின் தொடையே வழக்கமான வழியாயிற்று. தொடைத் தமனி பெரியது. ஊசி எளிதில் நுழையும், எந்த அளவுக் குழாயையும் செலுத்தலாம். 1989இல் கனடாவின் மான்ட்ரியல் நகரைச் சேர்ந்த லூசியன் காம்போ, மணிக்கட்டிலுள்ள ரேடியல் தமனி வழியாக ஆஞ்சியோகிராம் செய்த அனுபவத்தை வெளியிட்டார். 1992இல் ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமெனெய் அதே வழியில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்தார். இந்தியாவில் இம்முறையை வளர்த்தெடுத்தவர்களில் அகமதாபாத்தைச் சேர்ந்த மருத்துவர் தேஜஸ் படேல் குறிப்பிடத்தக்கவர்.

இன்று மணிக்கட்டு வழியே முதல் தெரிவு என்பது பன்னாட்டு வழிகாட்டுதல்களின் நிலைப்பாடு. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2015லும், அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2021லும், மாரடைப்புக்கான புதிய வழிகாட்டுதலில் 2025லும் இதனை வலியுறுத்தியுள்ளன. முறையான பயிற்சி பெற்ற மருத்துவர் செய்யும்போது என்னும் நிபந்தனை இதில் அடங்கியுள்ளது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

2011இல் வெளியான ரைவல் ஆய்வில் 7,021 நோயாளிகள் பங்கேற்றனர். ஊசி நுழைந்த இடத்திலும் இரத்தநாளத்திலும் ஏற்பட்ட பெரிய சிக்கல்கள் தொடை வழியில் 100க்கு 3.7 பேருக்கும், மணிக்கட்டு வழியில் 1.4 பேருக்கும் நேர்ந்தன. இரத்தக்குழாய் முழுவதும் அடைபட்ட கடும் மாரடைப்பு நோயாளிகளை மட்டும் தனியே பார்த்தபோது இறப்பு 3.2 விழுக்காட்டிலிருந்து 1.3 ஆகக் குறைந்திருந்தது. 2015இல் வெளியான மேட்ரிக்ஸ் ஆய்வில் 8,404 பேர். அதிலும் 30 நாளில் இறப்பு 2.2க்கு எதிராக 1.6 விழுக்காடு, பெரும் இரத்தக்கசிவு 2.3க்கு எதிராக 1.6 விழுக்காடு என மணிக்கட்டு வழிக்குச் சாதகமாகவே முடிவுகள் அமைந்தன.

மறுபக்கத்தையும் கூற வேண்டும். கனடாவில் நடந்து 2020இல் வெளியான சஃபாரி ஆய்வில் 2,292 மாரடைப்பு நோயாளிகளிடம் இரு வழிகளுக்கும் இடையே இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை. தொடை வழியில் கைதேர்ந்தவர்கள் கவனத்துடன் செய்யும்போது அதுவும் பாதுகாப்பானதே என்பது இதன் பொருள். ஆகவே உங்களுக்குத் தொடை வழியாகச் செய்யப்பட்டால், பழைய முறையில் ஏனோதானோவென்று செய்துவிட்டார்கள் என்று வருந்த வேண்டியதில்லை.

நம் பகுதிக்கு இது ஏன் கூடுதல் முக்கியத்துவம் உடையது?

மேற்கூறிய ஆய்வுகளில் பெரும்பாலானோர் நேரடியாக ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்கள். தமிழ்நாட்டின் நிலை வேறு. இரவுப் பணியில் நெஞ்சுவலி கண்ட ஒரு தொழிலாளி முதலில் சென்று சேர்வது பெரும்பாலும் ஆலையின் மருத்துவ அறைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோதான். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையின் நெரிசலைக் கடந்து, கேத்லேப் எனப்படும் குழாய்ச் சிகிச்சைக் கூடம் உள்ள மருத்துவமனையை அடைய நேரமாகலாம். அதனால் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் செலுத்தி, பின்னர் 3 முதல் 24 மணி நேரத்திற்குள் ஆஞ்சியோகிராமுக்கு அனுப்பும் முறை இங்கு பின்பற்றப்படுகிறது.

இம்முறையின் பயன் தமிழ்நாட்டிலேயே நிறுவப்பட்டது. 2012 முதல் 2014 வரை நடந்த தமிழ்நாடு ஸ்டெமி ஆய்வில், சிறிய மருத்துவமனைகளைக் கேத்லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளோடு நான்கு தொகுப்புகளாக இணைத்து அதற்கு முன்னும் பின்னுமாக மொத்தம் 2,420 நோயாளிகளின் சிகிச்சை முடிவுகள் ஒப்பிடப்பட்டன. ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023இல் தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தின் கீழ், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகள் முதல் தவணையாக வழங்கப்படுகின்றன.

இங்குதான் வழி பற்றிய கேள்வி கூர்மை பெறுகிறது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், ஹெபாரின், அதன்மேல் கட்டி கரைக்கும் ஊசி ஆகிய அனைத்தும் உடலில் இருக்கும் நிலையில் அந்நோயாளியின் இரத்தம் எளிதில் உறையாது. அவர் தொடைத் தமனியில் துளையிடும்போது, துளை சற்று மேலே அமைந்துவிட்டால் இரத்தம் வெளியே தெரியாமல் வயிற்றின் பின்புறம் தேங்கும். இரத்த அழுத்தம் சரிந்த பின்னரே அது புலப்படும். மணிக்கட்டிலோ தமனி தோலுக்குச் சற்றே கீழே, எலும்பின் மேல் அமைந்துள்ளது. கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், விரலால் அழுத்தினாலே நிற்கும். கட்டி கரைக்கும் ஊசி பெற்று மாற்றி அனுப்பப்படும் நோயாளிக்கு மணிக்கட்டு வழி வெறும் சௌகரியம் அன்று, பாதுகாப்பு என்பதே என் கருத்து.

இதிலிருந்து குடும்பத்தினர் செய்ய வேண்டிய இரண்டு செயல்கள் பிறக்கின்றன. முதல் மருத்துவமனையில் கொடுத்த மாத்திரைகள், ஊசி செலுத்திய நேரம், இ.சி.ஜி. தாள், பரிந்துரைச் சீட்டு ஆகியவற்றைப் பிரித்துவிடாமல் உடன் எடுத்துச் செல்லுங்கள். அடுத்து, குளுக்கோஸ் ஏற்றவோ இரத்தம் எடுக்கவோ வலது மணிக்கட்டைத் தவிர்க்க இயலுமா என்று செவிலியரிடம் கேளுங்கள். அவசரத்தில் வேறு இடம் கிடைக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். மருந்து உள்ளே செல்வதே அப்போது முதன்மை.

யாருக்குத் தொடை வழி?

ரேடியல் தமனியின் விட்டம் பலருக்கு 2 முதல் 2.5 மில்லிமீட்டர்தான். அதனுள் நுழைக்கும் உறைக்குழாயின் வெளிவிட்டமும் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர். உடல் மெலிந்த பெண்களுக்கும் முதியோருக்கும் தமனி இன்னும் சிறியதாகவோ வளைந்தோ இருக்கலாம். வலியாலும் அச்சத்தாலும் அது இறுகிப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அதைத் தளர்த்த மருந்து செலுத்துவர். அப்போதும் முடியாவிட்டால் தொடைக்கு மாறுவர். ரைவல் ஆய்விலேயே மணிக்கட்டில் தொடங்கியவர்களில் 100க்கு 7 அல்லது 8 பேருக்கு வழி மாற்ற நேர்ந்தது. இக்காரணத்தாலேயே கையில் செய்வதாகக் கூறப்பட்ட பின்னரும் தொடைப்பகுதியில் முடி நீக்கிச் சுத்தம் செய்வர். இதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக எண்ணும் குடும்பத்தினர் உண்டு. அது முன்னேற்பாடு மட்டுமே.

சிறுநீரக நோயாளிகள் தனிக் கவனத்திற்குரியவர்கள். டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும், வருங்காலத்தில் தேவைப்படலாம் என்று கூறப்பட்டோருக்கும், கையின் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா அமைக்க வேண்டியிருக்கும். அதற்குரிய தமனியை ஆஞ்சியோவில் பயன்படுத்தி அடைபடச் செய்துவிட்டால் பின்னாளில் இடர் நேரும். இவர்களுக்குத் தொடை வழியோ மாற்றுக் கையோ பொருத்தமாகலாம். உங்கள் கிரியாட்டினின் அளவு உயர்ந்திருப்பது தெரிந்தால், கேட்கும்வரை காத்திராமல் நீங்களே கூறுங்கள். ஏற்கெனவே பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இடது மணிக்கட்டு பெரும்பாலும் வசதியானது, ஏனெனில் மார்பின் இடப்பக்கத் தமனி இதயத்தோடு இணைக்கப்பட்டிருக்கும்.

வலது கையால் நுண்பணி செய்யும் தொழிலாளர், தையற்கலைஞர், ஓட்டுநர் ஆகியோரும் இடது கையில் செய்ய இயலுமா என்று கேட்கலாம். வலப்புறம் நின்று பணியாற்றுவது மருத்துவருக்கு எளிது என்பதால் வலது கை வழக்கமாயிற்று. திட்டமிட்டுச் செய்யும் பரிசோதனையில் இக்கோரிக்கை நியாயமானது. ஆனால் மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது வழியைப் பற்றி வாதிட்டு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடத் தாமதிக்காதீர்கள். ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை அழிந்துகொண்டிருக்கும்.

கைக்கு ஆபத்து உண்டா?

உள்ளங்கைக்கு இரண்டு தமனிகள் இரத்தம் கொண்டு வருகின்றன. கட்டைவிரல் பக்கத்தில் ரேடியல், சுண்டுவிரல் பக்கத்தில் அல்நார். இரண்டும் உள்ளங்கையில் வளைவாக இணைந்துள்ளன. ஆகவே ரேடியல் தமனி அடைபட்டாலும் மற்றொன்று பொதுவாக ஈடுசெய்துவிடும், கை செயலிழப்பது மிக அரிது. எனினும் அடைபட்ட தமனியை மறுமுறை ஆஞ்சியோவுக்குப் பயன்படுத்த இயலாமல் போகலாம். இதைத் தடுக்கப் போதிய ஹெபாரின் தருவதும், சிகிச்சைக்குப் பின் கட்டும் பட்டையை இரத்த ஓட்டம் முழுவதும் நிற்காத அளவுக்கு மட்டும் இறுக்குவதும் முக்கியம். 2008இல் வெளியான ப்ராஃபெட் ஆய்வில், இவ்வாறு அளவாக இறுக்கியதால் ஒரு மாதத்திற்குப் பின் தமனி அடைபட்டிருந்தோர் 7 விழுக்காட்டிலிருந்து 1.8 ஆகக் குறைந்தனர். பட்டை கட்டிய கை நீலம் பாய்ந்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, வலி தாங்க முடியாமற்போனாலோ செவிலியரை உடனே அழையுங்கள். பட்டையை நீங்களாகத் தளர்த்த வேண்டாம்.

வீடு திரும்பிய பின்

தொடை வழியில் செய்தால் பல மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். முதுகுவலி உள்ளோருக்கும் சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் முதியோருக்கும் இது பெருந்துன்பம். மணிக்கட்டு வழியில் விரைவில் எழுந்து அமரலாம், உண்ணலாம், கழிப்பறைக்குச் செல்லலாம். இந்த எளிமையே ஒரு தொல்லையையும் தருகிறது: பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று நோயாளி மறுநாளே இருசக்கர வாகனத்தை முறுக்கத் தொடங்கிவிடுகிறார். ஆக்ஸிலரேட்டரைத் திருகுவதும் பிரேக்கை அழுத்துவதும் அதே வலது மணிக்கட்டுதான். முதல் சில நாட்கள் வாகனம் ஓட்டுவது, குடம் தூக்குவது, துணி பிழிவது, ஸ்பேனர் திருகுவது ஆகியவற்றைத் தவிருங்கள். ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்களும் மாரடைப்புக்கு உள்ளானவர்களும் வேலைக்குத் திரும்பும் நாளை மணிக்கட்டைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அது இதயத்தின் நிலையைப் பொறுத்தது, மருத்துவரே கூற வேண்டும். ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளர்கள் மருத்துவச் சான்று பெற்று நோய்க்கால உதவித்தொகை பெறலாம். ஊதியம் பிடிக்கப்படும் என்ற அச்சத்தில் விரைந்து பணிக்குச் செல்ல வேண்டியதில்லை.

மணிக்கட்டில் இரத்தம் கசிந்தால் மறு கையின் விரல்களால் துளையிட்ட இடத்தின்மேல் உறுதியாக அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். 10 நிமிடத்தில் நிற்காவிட்டாலும், முன்கை வீங்கிக் கல்லைப்போல் இறுகினாலும் 108ஐ அழையுங்கள். தொடை வழியில் செய்துகொண்டவர்களுக்கு இடுப்பிலோ முதுகிலோ புதிதாக வலி, தலைசுற்றல், வியர்வை ஆகியவை கண்டால், வெளியே இரத்தம் தெரியாவிட்டாலும் அது அவசர நிலையே. சிறு நீலத் தழும்பு ஓரிரு வாரங்களில் மறையும். அதற்காக ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரலையோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் உள்ளவருக்கு அது மீண்டும் மாரடைப்பை வரவழைக்கும். மறுபரிசோதனைக்குச் செல்லும் நாளில், ஊசி நுழைந்த கையின் நாடித்துடிப்பையும் ஒருமுறை பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.