மாட்டுத்தோல் மேடையில், மாட்டுக்கறிப் பாட்டு வாசலில்

மார்கழி பிறந்துவிட்டால் போதும், மயிலாப்பூர், தி.நகர் சபாக்களின் கேன்டீன் சாம்பாருக்குக்கூட நாளிதழ்களில் அரைப் பக்கம் கிடைக்கிறது. அந்தச் சபாக்களின் மேடையில் யார் ஏறுவதே இல்லை என்று எழுத மட்டும் இடம் கிடைப்பதில்லை. அதை நாம்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன் நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பகத்துப் பிள்ளைகளின் கலை நிகழ்ச்சிக்காகத் தென்சென்னையில் ஒரு மண்டபம் கேட்டுப் போனோம். வாடகை பேசி முடித்தாயிற்று. கடைசியாக, என்னென்ன வாத்தியம் என்று பொறுப்பாளர் கேட்டார். கிடார், கீபோர்டு, பறை, சட்டி என்றோம். "பறையா? அது சாவுக்கு அடிக்கிறதாச்சே சார்" என்றார். மறுநாளே அந்தத் தேதியில் மண்டபம் காலியில்லை என்று ஆனது. கிடாருக்குக் கிடைத்த மண்டபம் பறைக்குக் கிடைக்கவில்லை. எங்கள் பிள்ளைகளில் மூத்தவள் கேட்டாள்: "அண்ணா, மிருதங்கம் மட்டும் எந்தத் தோல்ல செய்யறாங்க?"

அவள் கேட்டதுதான் கேள்வி. மிருதங்கத்துக்குப் பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் வேண்டும். அந்தத் தோலைப் பதம் பார்த்து, இழுத்துக் கட்டி, நாதம் வரவைப்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியை 2020 ஜனவரியில் கலாஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா தரமணியில் உள்ள இதழியல் கல்லூரிக்கு இடம் மாறியது. எழுதியவர் அதே கர்நாடக மேடையில் வளர்ந்த பாடகர். அவருக்கே இந்தக் கதி. தோல் உள்ளே போகலாம், தோலின் கதை உள்ளே போகக்கூடாது.

இந்த ஊரில்தான் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பிறந்தது. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இந்தக் குழு, 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் முதன்முதலாக மேடையேறியது. மொத்தம் 19 பேர். கோட்டு சூட்டு போட்டு நின்றார்கள். யாருடைய கோட்டு அது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கானா, ராப், ராக், நாட்டுப்புறம் எல்லாம் ஒரே மேடையில். சட்டியும் பறையும் கட்டை மோளமும் ஒரு பக்கம், டிரம்ஸும் கிடாரும் மறுபக்கம். இட ஒதுக்கீட்டைப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பாடினார்கள், அம்பேத்கரைப் பாடினார்கள். பெயருக்கு ஊற்று அயோத்திதாசப் பண்டிதர். 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, சாதியற்ற தமிழர் என்று நம்மை நாமே அழைக்கக் கற்றுக்கொடுத்தவர். மயிலாப்பூர் சபாக்களிலிருந்து ராயப்பேட்டை எவ்வளவு தூரம்? நடந்தே போகலாம். நூறு வருடங்களுக்கு மேலாகியும் அந்தத் தூரத்தை நடக்கத்தான் அவர்களுக்கு மனமில்லை.

"இசையில் எதற்குக் கலப்படம், எதற்கு அரசியல்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் இரண்டு விஷயம் கேட்போம்.

முதலாவது, கலப்பு. கர்நாடகக் கச்சேரியின் வயலின் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவிலிருந்து. முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரன் பேண்டு மெட்டுகளுக்கு நோட்டுஸ்வரம் இயற்றினார். பிறகு மாண்டலின் வந்தது, சாக்ஸபோன் வந்தது. எல்லாம் சம்பிரதாயத்துக்குள் அடங்கிவிட்டது. கச்சேரி மொழி என்ன? தெலுங்கு, சமஸ்கிருதம், கன்னடம். தமிழுக்கு இடம் கேட்டு 1943-இல் தமிழ் இசைச் சங்கமே தொடங்க வேண்டியிருந்தது. அங்கே பல மொழி இருந்தால் பாண்டித்தியம். நம் கானாவில் உருதிலிருந்து வந்த நாஷ்டாவும் கலீஜும் பேஜாரும், தெலுங்கு டப்பும் ஆங்கிலமும் கலந்து வந்தால் அது கொச்சை! துறைமுகத்திலும் ரிக்‌ஷா ஸ்டாண்டிலும் எல்லா மொழிக்காரனோடும் சேர்ந்து உழைத்ததால் உண்டான மொழி அது. உழைப்பு கலந்தால் மட்டும் இவர்களுக்குத் தீட்டாகிவிடுகிறது.

இரண்டாவது, அரசியல். 2024-இல் மியூசிக் அகாடமி டி.எம்.கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி விருதை அறிவித்தபோது, அவர் பெரியாரைப் போற்றியதைக் காரணம் காட்டி அகாடமியில் பாடமாட்டோம் என்று விலகியவர்கள் யார்? அது அரசியல் இல்லையா? மேடையில் ஏறாதவன் பேசினால் அரசியல், ஏறியவன் விலகினால் கொள்கை. நல்ல கணக்கு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது சபாவோடு முடிவதில்லை. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் 'எஞ்சாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' பாடல்களைக் கொண்டாடி அட்டைப்படம் போட்டது. இரண்டுக்கும் வரிகள் தந்த அறிவு அந்த அட்டையில் இல்லை. ரஞ்சித் கேட்டார், நாமெல்லாம் கேட்டோம். அதற்குப் பிறகுதான் அறிவுக்குத் தனியாக டிஜிட்டல் அட்டை வந்தது. சபா நம்மை வாசலில் நிறுத்துகிறது. சந்தை நம் பாட்டை உள்ளே விட்டுவிட்டு, நம்மை வாசலில் நிறுத்துகிறது. இரண்டாவது கொஞ்சம் நாகரிகமாக இருப்பதால் நாம் ஏமாந்துவிடக்கூடாது, தோழர்களே.

இசைவாணியை நினைத்துப் பாருங்கள். கானா ஆண்களின் கோட்டையாக இருந்த காலத்தில் பாடவந்த பெண். 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். ஐயப்பன் கோயிலில் பெண்கள் நுழையும் உரிமை குறித்து அவர் பாடிய பழைய பாட்டு ஒன்றைத் தோண்டியெடுத்து 2024 நவம்பரில் வசவும் மிரட்டலும் கொட்டினார்கள். அன்று எத்தனை சங்கீத ரசிகர்கள் கலைச் சுதந்திரம் பேசினார்கள்?

அதே சமயம் நம் வீட்டையும் பெருக்குவோம். 19 பேரில் பெண் ஒருவர் மட்டுமே என்பது சபாவின் குற்றம் அல்ல, நம்முடையது. பெண்ணைக் கேலிப்பொருளாக்கும் கானாக்களுக்கும் நாம் கைதட்டியிருக்கிறோம். சாதியற்ற மேடை ஆண்களுக்கு மட்டுமான மேடை என்றால் பாபாசாகேப் நம்மை மன்னிக்கமாட்டார்.

2020 டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 2015-இல், பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவ மக்களும் கலைஞர்களும் சேர்ந்து விழா நடத்தினார்கள். இவை முக்கியமானவை. ஆனால் வருடத்தில் எட்டு நாள் மேடை கிடைத்தால் மீதி நாள் என்ன? கூவம் கரையிலும் பக்கிங்காம் கால்வாய் கரையிலும் இருந்த குடும்பங்களைப் பிடுங்கி கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் நட்டுவிட்டார்கள். மரண கானா பாடிய சந்தே இல்லாமல் போனால், பையன் யாரிடம் கானா கற்பான்? பாட்டைக் காப்பாற்றுவது என்றால் குடியிருப்பைக் காப்பாற்றுவதும்தான்.

ஆகவே, சபா கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுவது நம் வேலை அல்ல. நம் வரிப் பணத்தில் நடக்கும் அரங்குகளில் பறைக்கும் கானாவுக்கும் இடம் கேட்போம், அது உரிமை. கல்லூரி விழாவுக்குக் கானா கலைஞரைக் கூப்பிடும் மாணவர்கள், கிடார்காரருக்குப் பேசும் அதே சம்பளத்தை அவருக்கும் பேசுங்கள். போஸ்டரில் அவர் பெயரைப் போடுங்கள். மறுகுடியமர்வுப் பகுதிகளில் ஒரு பயிற்சி அறைக்காக மனு கொடுங்கள், நாங்களும் வருகிறோம்.

எங்கள் படிப்பகத்துப் பிள்ளைகள் கடைசியில் தெருவிலேயே பந்தல் போட்டு நிகழ்ச்சியை நடத்தினார்கள். பறை அடித்தவள், அந்தக் கேள்வி கேட்டவள்தான். சாவுக்கு அடிக்கவில்லை, தோழர்களே. வாழ்வதற்கு அடித்தாள்.

ஜெய்பீம்!