படிவம் 26-இல் இல்லாத கட்டம்

ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலின்போதும், வேட்புமனுத் தாக்கல் தொடங்கிய மறுநாள் முதல் நாளேடுகளில் ஒரே வார்ப்பில் செய்திகள் வரத் தொடங்கிவிடும். இன்னாருக்கு இத்தனை கோடி சொத்து. கையிருப்பு ரொக்கம் இவ்வளவு. மனைவி பெயரில் இத்தனை சவரன். சொந்தமாகக் கார் இல்லை. இதைப் படித்து முடித்ததும் வேட்பாளரை அறிந்துகொண்டுவிட்டதாக நாம் நிறைவடைகிறோம். அந்த நிறைவு பொய்யானது என்பதே நமது வாதம்.

இந்தத் தகவல்கள் எளிதாகக் கிடைத்தவை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வேட்பாளரின் பின்னணியை அறிவது வாக்காளரின் கருத்துரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் தீர்ப்பளித்தது. வேறு எதிலும் ஒன்றுபடாத கட்சிகள் இதை எதிர்ப்பதில் ஒன்றுபட்டன. அதே ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி, நீதிமன்றம் என்ன சொல்லியிருந்தாலும் சட்டம் கேட்பதற்கு மேல் வேட்பாளர் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு பிரிவைச் சேர்த்தன. 2003 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாததாக்கியது. அந்தப் போராட்டத்தின் விளைவே இன்றைய பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26.

இலக்கிய வாசகர்கள் இப்படிவத்தை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். நிரந்தரக் கணக்கு எண், ஐந்தாண்டு வருமானம், நிலுவை வழக்குகள், பெற்ற தண்டனைகள், அசையும் சொத்து, அசையாச் சொத்து, கடன், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி, தொழில், கல்வித் தகுதி என்று வாழ்க்கைத் துணையையும் சார்ந்திருப்போரையும் சேர்த்துக் கேட்கிறது. இவ்வளவு கேட்கும் பிரதி இரண்டைக் கேட்பதில்லை: நீர் பொதுவாழ்வில் இதுவரை செய்தது என்ன? அவையில் எதற்காகப் பேசப் போகிறீர்? உடைமைகளின் பட்டியல் கிடைக்கிறது. உடையவரின் மனம் கிடைப்பதில்லை. ஒருவரது வீட்டுச் சாமான்களை எண்ணிக் காட்டிவிட்டு அதைப் பாத்திரப் படைப்பு என்று சொல்லும் நாவலாசிரியரை நாம் ஏற்போமா?

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று. தமிழ்நாட்டின் பொது நூலகச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது. அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. படிவம் 26 சொத்து வரிப் பாக்கி உண்டா என்று வேட்பாளரிடம் கேட்கிறது. அந்த வரியோடு வசூலாகும் பணம் தம் தொகுதியின் கிளை நூலகத்தை வந்து சேர்கிறதா என்பது பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்பதில்லை. பயிற்றுமொழி, மதுக்கடை, ஆற்றுமணல், மலக்குழி மரணங்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். ஒரு பள்ளிக்கூட நிர்வாகிகூட ஆசிரியரைத் தெரிவு செய்கையில் பாடத்தைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்கிறார்.

வேட்பாளருக்கென்று தனிக் கருத்து எதற்கு, கட்சியின் தேர்தல் அறிக்கை போதாதா என்பர் சிலர். 1985-ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டத்தையும் துணைக்கு அழைப்பர். கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி பறிபோகக்கூடும். ஆகவே உறுப்பினரின் கருத்துக்குப் பயனில்லை என்பது அவர்கள் முடிவு. அந்தத் தடையை ஆட்சியின் நிலைப்பையும் கட்சியின் அடிப்படைக் கொள்கையையும் தொடும் வாக்கெடுப்புகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1992-இலேயே கூறியது. அது ஒருபுறம் இருக்கட்டும். சட்டமன்றப் பணி கை தூக்குவது மட்டுமா? கேள்வி நேரம் இருக்கிறது. கவன ஈர்ப்புத் தீர்மானம், வெட்டுத் தீர்மானம், மானியக் கோரிக்கை விவாதம், தனிநபர் மசோதா இருக்கின்றன. ‘எம் ஊர் நூலகத்துக்குக் கட்டடம் எப்போது?’ என்று கேட்பதற்குக் கொறடாவின் உத்தரவு குறுக்கே நிற்பதில்லை. கேட்காதவர்கள் சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள்.

கேட்டால் பொய்தானே எழுதுவார்கள் என்பது அடுத்த மறுப்பு. எழுதட்டும். சொத்துக் கணக்கில் பொய் சொன்னால் ஆறு மாதம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. கொள்கையில் பொய் சொன்னால் சிறை இல்லைதான். ஆயினும் கையொப்பமிட்ட தாள் ஒன்று ஐந்தாண்டு கழித்து அவர் முன் நீட்டப்படும். மேடைப்பேச்சு காற்றோடு போகும். எழுத்து அப்படிப் போவதில்லை.

ஜனநாயகம் எங்கள் மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே உண்டு என்று உத்திரமேரூரைக் காட்டாத தேர்தல் மேடை அரிது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகள் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆடவரையே குடவோலைக்குத் தகுதியாக்கின. அது பிராமணர் ஊரின் சபை. அதைக் குடியரசின் முன்மாதிரி என்று கொண்டாட நமக்கு மனமில்லை. எனினும் அதில் ஒரு விதி உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மறுபடி பெயர் எழுதப்படும் தகுதியை இழந்தனர். சொத்தைக் கேட்ட அந்தச் சபை, செய்த வேலைக்கும் கணக்குக் கேட்டது. மேடைகள் கல்வெட்டின் பெருமையை எடுத்துக்கொண்டு இவ்விதியை விட்டுவிடுகின்றன. இன்று மீண்டும் போட்டியிடும் உறுப்பினர் எத்தனை நாள் அவைக்கு வந்தார், எத்தனை கேள்வி கேட்டார் என்பதற்குப் படிவத்தில் இடமில்லை.

ஆகவே நாம் கோருவது இரண்டு கட்டங்கள். ஒன்றில் செய்த பொதுப்பணி. மற்றொன்றில், தொகுதியைத் தொடும் ஐந்து பொருள்களில் வேட்பாளரின் நிலைப்பாடு. சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஊர்தோறும் வாசகர் வட்டங்களும் இலக்கிய அமைப்புகளும் இருக்கின்றன. தத்தம் தொகுதியின் எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே ஐந்து கேள்விகளை அனுப்பலாம். வந்த விடைகளை ஒரு சொல்லும் திருத்தாமல் அச்சிடலாம். படிவம் 26-இல் கட்டங்களை நிரப்பாமல் விட்டுவிட்டு, நினைவூட்டிய பின்னும் நிரப்பாதவரின் மனுவைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நமக்கு அந்த அதிகாரமில்லை. விடை தராதவரின் பெயரை அச்சிட்டு, எதிரே உள்ள இடத்தை வெறுமையாகவே விட்டுவைப்போம்.